ஊசி படாத உடம்பு

பாட்டில் மூடியைத் திருகும்போது டக்கென்று ஒரு சத்தம் வர வேண்டும், வந்தால்தான் சீல் உடையாத பாட்டில், வேறு யாரும் அதில் எதையும் கலந்திருக்க மாட்டார்கள் என்று நம்பலாம், இதைப் பச்சைச் சட்டை போட்ட ஹேமலதா வந்ததும் வராததுமாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். மாரீஸ்வரி இன்னொரு பாட்டிலைத் திருகினாள். டக். பாட்டில் தன் வேலையை ஒழுங்காகப் பார்த்தது. முரண்டுபிடிப்பது உடம்புதான். மத்தியானம் டிரிபிள் ஜம்ப்பில் மாநிலங்களுக்கு இடையிலான போட்டியின் தங்கத்தை வாங்கிய உடம்பு, ஓடி வந்து பலகையை மிதித்து மூன்று எட்டில் மணலுக்குள் போய் விழுந்த அதே உடம்பு, இப்போது ஒரு பிளாஸ்டிக் குப்பியில் கோடு வரைக்கும் மூத்திரம் பெய்ய மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. ஜெயித்தவர்களுக்கு மாலை போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு போன காலம் எங்கேயாவது இருந்திருக்கும். இப்போதெல்லாம் ஜெயித்தால் முதலில் ஊக்கமருந்துச் சோதனைக்கு மூத்திரம் கேட்கிறார்கள். கேலரிக்கு அடியில் ஒரு அறை, சுவரோரமாக நாற்காலிகள், மூலையில் தண்ணீர் பாட்டில்கள், உள்ளே ஒரு கதவு, கதவுக்குப் பின்னால் டாக்டரின் மேஜை, மேஜைக்குப் பின்னால் கக்கூஸ். கொடுத்தால்தான் வெளியே போகலாம். கொடுக்கும் வரைக்கும் ஹேமலதா நிழல் மாதிரி கூடவே இருப்பாள், எழுந்தால் எழுவாள், உட்கார்ந்தால் உட்காருவாள், கக்கூஸுக்குள்ளும் வந்து எதிரே நின்று கண்ணால் பார்ப்பாள், அதுதான் விதி. "அவசரமே இல்ல, வரும்போது சொல்லுங்க" என்று அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவசரமில்லை என்று சொல்லப்பட்டதும் அடிவயிறு இன்னும் இறுகிப்போயிற்று. மேலே கேலரியில் யாரோ கூட்டமாக ஓடினார்கள், ரிலே முடிந்திருக்க வேண்டும், கூரை அதிர்ந்தது. ஏசி குளிர் காதுக்குள் போனது. மாரீஸ்வரி இரண்டு மடக்கு குடித்துவிட்டு நிறுத்தினாள், ரொம்பக் குடித்தால் தண்ணீராகவே வரும், அது செல்லாது, மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்து நாற்காலியில் நதியா உட்கார்ந்திருந்தாள். வெள்ளி வாங்கியவள். தருமபுரிப் பக்கத்துப் பெண், விளையாட்டு ஹாஸ்டலில் மாரீஸ்வரியின் அறைத்தோழி, வயதில் சின்னவள், வாயைத் திறந்தால் அக்கா அக்கா என்றுதான் ஆரம்பிப்பாள். அவளுக்கும் ஒரு பச்சைச் சட்டை பக்கத்தில் இருந்தது. நதியா காலை ஆட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவள் போலக் கவலையே இல்லாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் ஆரம்பித்து வைத்தாள், பாவம், தெரியாமல்தான். அறைக்குள் வந்ததும் டாக்டரிடம், "சார், சளிக்கு மாத்திர போட்டேன், அதெல்லாம் சொல்லணுமா, ஊசி எதுவும் போடல சார்" என்று கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம். டாக்டர் வயதானவர், நிதானமான ஆள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஊசியா மாத்திரையாங்கிறது இல்லம்மா கணக்கு. உள்ள என்ன போச்சுங்கிறதுதான். இப்ப பெப்டைடுன்னு ஒண்ணு கெளம்பியிருக்கு, காயம் ஆறும், சதை ஒட்டும்னு விக்கிறான், ஊசியே வேணாம், நாக்குக்கு அடியில ஸ்பிரே அடிச்சாப் போதும்ங்கறான். புள்ளைங்க சத்து மருந்துன்னு நெனச்சு அடிச்சுக்குது. அதுல தடை பண்ணதும் இருக்கு. நாக்குக்கு அடியில வச்சாலும் ரத்தத்துக்குத்தானம்மா போகும்." அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவருக்கு அது தினமும் நாலு பேரிடம் சொல்கிற பேச்சு. நதியா தலையை ஆட்டிவிட்டு மெதுவாகத் திரும்பி மாரீஸ்வரியைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் மாரீஸ்வரியால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அதற்குப் பிறகு அவள் நதியாவின் முகத்தைப் பார்க்கவில்லை, செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்குக்கு அடியில். அவளுடைய நாக்கு தானாகவே மடிந்து அடிப்பக்கத்தைத் துழாவியது. ஒன்றுமில்லை, வெறும் எச்சில். ஆனால் ஞாபகத்தில் அந்த எச்சிலும் மாம்பழ வாசனை அடித்தது.

ஊசி இல்லையே. ஊசி படவே இல்லையே. உடம்பில் ஒரு ஓட்டைகூட இல்லையே. இதையேதான் மனசு திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் ஹாஸ்டலில் தப்பு என்றால் ஊசி, ஊசி என்றால் தப்பு. கோச் ஞானசுந்தரி மேடம் புதிதாகச் சேருகிற பெண்களை முதல் நாளே மணல் குழிக்குக் கூட்டிக்கொண்டு போவார், மணிக்கட்டு வரைக்கும் கையை மணலுக்குள் விடச் சொல்லுவார், "ஊசி ஏத்த மாட்டேன், ஏத்துறவளோட சேர மாட்டேன்" என்று சொல்ல வைப்பார். சாமி படம் கிடையாது, சூடம் கிடையாது, மணல்தான் சாட்சி, குதிக்கிறவளுக்கு அதைவிடப் பெரிய சாமி எது. போட்டிக்குக் கிளம்புவதற்கு முன்னால் எல்லாரும் டியூப்லைட்டுக்குக் கீழே வரிசையில் நிற்க வேண்டும், முழங்கையின் உள்பக்கத்தை விரித்துக் காட்ட வேண்டும், தொடையைக் காட்ட வேண்டும், காலைத் தூக்கி விரல் இடுக்கைக் காட்ட வேண்டும். மேடம் கண்ணாடி போட்டுக்கொண்டு பேன் பார்ப்பது போலத் தேடுவார். கொசுக்கடிக்கெல்லாம் விசாரணை நடக்கும். மாரீஸ்வரியிடம் வந்தால் மட்டும் முதுகில் ஒரு தட்டு தட்டி, "உடம்புன்னா இப்பிடி இருக்கணும், பாருங்கடி" என்பார். இதெல்லாம் சும்மா வந்த பழக்கமில்லை. மாரீஸ்வரி சேர்ந்த வருஷம் வட்டு எறிகிற புஷ்பலீலா மாட்டினாள், பாத்ரூம் சாக்கடையில் சிரிஞ்சு அடைத்துக்கொண்டு தண்ணீர் போகாமல் நின்றது, பிளம்பர் வந்து எடுத்தார். மறுநாள் புஷ்பலீலாவின் அம்மா வந்தாள். மகளின் துணியையும் சோப்பு டப்பாவையும் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் அடுக்கி, வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டைத் தாண்டிப் போனாள், புஷ்பலீலா பின்னாலேயே போனாள். அவ்வளவு பெரிய உடம்புக்காரி, வாசலில் அவ்வளவு சிறியதாகத் தெரிந்தாள். நாலு வருஷம் தடை என்றார்கள், நாலு வருஷம் கழித்து அவள் எங்கேயும் வரவில்லை. ஊசி போட்டதால் வந்த வினை என்று மேடம் சொன்னார். எல்லாரும் ஊசியைப் பார்த்துப் பயந்தார்கள். சிரிஞ்சுக்குள்ளே என்ன இருந்தது என்று ஒருத்தியும் கேட்கவில்லை, மாரீஸ்வரியும் கேட்கவில்லை.

அந்தப் பயத்தை அவள் ரொம்ப ஒழுங்காகக் கடைப்பிடித்தாள், அதுதான் வேடிக்கை. போன வருஷம் பயிற்சியில் குதிகால் நரம்பு விட்டுப்போனது, யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்தது போல இருந்தது, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. மதுரை டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, "முழுசா அறுகல, ஒன்னோட ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, மெஷின்ல சுத்தி, அந்த எடத்துலயே திருப்பிப் போட்டுவிடறேன், வெளி மருந்து ஒண்ணும் கெடையாது, விளையாட்டுக்காரங்களுக்கும் போடலாம்" என்றார். ஊசியா சார் என்று கேட்டாள். ஆமாம், ஊசிதான் என்றார். வேண்டாம் சார் என்றாள். டாக்டர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். இவள் மணலுக்குள் விட்ட கையை நினைத்துக்கொண்டு ஒரே பிடியாக வேண்டாம் என்றாள், வேண்டாம் என்று சொன்னபோது உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. தன் ரத்தத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, எவனோ எங்கேயோ கலக்கிய மாம்பழத் தண்ணீரை நாக்கைத் தூக்கி வாங்கிக்கொண்டாள். கொடுத்தது கிங்ஸ்லி அண்ணன். பழைய தடைதாண்டும் ஓட்டக்காரர், இப்போது ஜிம் வைத்திருக்கிறார், காயம்பட்டவர்களுக்கு இலவசமாகவே காலை நீவிவிடுகிற மனுஷன், அவரைத் திட்டவும் மனசு வரவில்லை. சின்ன வெள்ளை பாட்டில், மேலே தோலை உரித்த ஒரு மனிதனின் படம், சதையெல்லாம் சிவப்பாக. "இது பெப்டைடு. பெப்டைடுன்னா ஒண்ணுமில்ல, புரோட்டீனத் துண்டு துண்டா நறுக்குனது. நீ முட்ட தின்ன மாட்டியா, அது மாதிரிதான். கிழிஞ்ச நரம்பப் போயித் தச்சுவிட்டுரும்" என்றார். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், ஊசி இல்லையே அண்ணே. "ஊசி இல்லாததுதானம்மா இதோட விசேஷமே." அவர் அப்படிச் சொன்னபோது, மேடத்துக்கு முன்னாலேயே நின்று வாங்கிக்கொள்ளலாம் போல அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் மேடத்திடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை, முட்டை தின்றதை யாராவது போய்ச் சொல்வார்களா. தோன்றவில்லையா, அல்லது தோன்றியதை ஓரமாகத் தள்ளிவிட்டாளா. பாட்டிலை ஏன் சாக்ஸுக்குள் சுருட்டி வைத்தாள். உடைந்துவிடும் என்று. பிளாஸ்டிக் பாட்டில் எப்படி உடையும். இந்த இடத்துக்கு வந்தால் மனசு முள்ளில் மாட்டிய துணி மாதிரி நின்றுவிடுகிறது, இழுத்தால் கிழிகிறது, இழுக்காமல் விட்டுவிட்டு அவள் வேறு பக்கம் போனாள்.

ஏமாற்றியிருக்கலாம் இல்லையா. அந்த எண்ணம் வந்ததும் முதல் தடவையாக மூச்சு கொஞ்சம் இறங்கியது. எவனோ ஒரு கள்ளன் வெறும் தண்ணீரில் சர்க்கரையையும் மாம்பழ எசன்சையும் கலந்து, தோலுரிந்த மனிதன் படத்தை ஒட்டி, கிங்ஸ்லி அண்ணன் தலையில் கட்டியிருக்கலாம், உலகத்தில் நடக்காததா. பாலில் தண்ணீர் கலக்கிறான், மிளகாய்த்தூளில் செங்கல் பொடி கலக்கிறான், இதில் மட்டும் மருந்தைப் போட்டுவிடுவானா. சாமி, அவன் கள்ளனாக இருக்க வேண்டும், முழுக் கள்ளனாக, துளிக்கூட நேர்மை இல்லாதவனாக இருக்க வேண்டும், இருக்கன்குடி மாரியம்மனுக்கு இப்படி ஒரு வேண்டுதலை இதுவரைக்கும் யாரும் வைத்திருக்க மாட்டார்கள். அவன் கள்ளன் என்றால் அவள் தப்பித்தாள். அவன் நல்லவன் என்றால் அவள் ஒழிந்தாள். ஆனால் கால் ஆறியதே. குனிந்து சாக்ஸுக்கு மேலாகக் குதிகால் நரம்பைத் தொட்டாள். உருண்டு திரண்டு கெட்டியாக இருந்தது, நல்ல கயிறு மாதிரி. தொட்டதும் துடித்தது, அல்லது விரல்தான் துடித்ததோ. வெறும் தண்ணீர் இதை ஆற்றுமா. ஓய்வில் ஆறியிருக்கும், மாசக்கணக்காகப் படிக்கட்டில் நின்று குதிகாலை ஏற்றி ஏற்றி இறக்கினாளே, அதில் ஆறியிருக்கும். அப்படியென்றால் நதியாவுக்கு. நதியா முன்னங்கால் எலும்பு வலி வந்து, ஓடினால் அழுதுகொண்டு திரும்பியவள், அவளுக்கும் ஸ்பிரே கொடுத்த பிறகுதானே சரியாயிற்று. இரண்டு பேருக்கும் எப்படிச் சரியாகும், அப்போது அது மருந்துதான், மூச்சு மறுபடியும் மேலே ஏறி நெஞ்சில் நின்றது. நதியாவுக்குக் கொடுத்தது அவள்தான். நதியா கேட்கவில்லை. அண்ணன் கொடுத்த இரண்டாவது பாட்டிலை இவளாகத்தான் எடுத்துக் கையில் திணித்தாள், "ஊசி இல்லடி, பயப்படாத, சத்துதான்" என்றாள், கிங்ஸ்லி அண்ணனுடைய அதே குரலில். காலையில் பல் விளக்கும்போதெல்லாம் அடிச்சியா அடிச்சியா என்று கேட்டாள், கூடப்பிறந்த தங்கச்சியைக் கேட்பது போல. எடுத்தவளுக்கு ஒரு தண்டனை என்றால் கொடுத்தவளுக்கு அதற்கு மேலே இருக்கும். அது இருக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு இன்னும் இருபது முடியவில்லை. எதிரே செருப்பு ஆடிக்கொண்டே இருந்தது.

"ஒரு தடவ முயற்சி பண்ணிப் பாக்கலாமா" என்று ஹேமலதா கேட்டாள். மாரீஸ்வரி எழுந்தாள். கக்கூஸுக்குள் ஹேமலதா கூடவே வந்து கதவைச் சாத்தினாள். சட்டையை நெஞ்சு வரைக்கும் தூக்கச் சொன்னாள், டிராக் பேன்ட்டை முழங்காலுக்குக் கீழே இறக்கச் சொன்னாள், கையை முழங்கை வரைக்கும் சுருட்டிக் காட்டச் சொன்னாள். முழங்கையின் உள்பக்கத்தை மாரீஸ்வரி பழக்கதோஷத்தில் விரித்துத் திருப்பிக் காட்டினாள். "அதெல்லாம் வேணாங்க, உள்ள ஒளிச்சு எதுவும் கொண்டு வரலன்னு பாக்கறதுதான்" என்றாள் ஹேமலதா. அவளுக்கு முழங்கையில் அக்கறையே இல்லை. ஒரு மாசுமருவில்லாத, ஓட்டையில்லாத முழங்கை, அதைப் பார்க்க இங்கே ஆள் இல்லை. மாரீஸ்வரி குப்பியைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். ஹேமலதா குழாயைத் திறந்துவிட்டாள், அந்தச் சத்தத்தில் சிலருக்கு வருமாம். தண்ணீர் கொட்டியது. இவளுக்கு வரவில்லை. ஒரு பெண் எதிரே நின்று, முகத்தில் கோபமோ கூச்சமோ இல்லாமல், கடமையாக அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி வரும். கண்ணை மூடினாள். கண்ணை மூடினால் சாத்தூர் பஸ் ஸ்டாண்டு வந்தது. இந்நேரம் மாமா பையன்கள் ஃப்ளெக்ஸுக்குச் சொல்லியிருப்பார்கள், அவள் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே தங்கள் படங்களைக் கூலிங்கிளாஸோடு வரிசையாகப் போட்டு, தங்க மங்கையே வருக என்று. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்திருப்பாள், கொடுத்துவிட்டு, எம்மக ஊசிகூட போட்டுக்கிட்டதில்ல என்று எப்போதும் போலச் சொல்லியிருப்பாள், சொல்லாமல் அவளால் இருக்க முடியாது. ஃப்ளெக்ஸை மாட்டுவது சுலபம். அதை ஒருநாள் அவிழ்க்க வேண்டி வந்தால் எந்த நேரத்தில் அவிழ்ப்பார்கள், அம்மா அந்த வழியாகத்தானே வேலைக்குப் போக வேண்டும். வாளி. இடுப்பில் வாளி. அம்மாவுக்கு இடுப்பு வலி, அவளால் வாளியைத் தூக்க முடியாது. "வரல மேடம்" என்றாள். "பரவால்ல, வாங்க" என்று ஹேமலதா குழாயை மூடினாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது எதிர் நாற்காலி காலியாகியிருந்தது. நதியாவுக்கு வந்துவிட்டது, இவர்கள் வெளியே வரவும் அவள் தன் பச்சைச் சட்டையோடு உள்ளே போய்விட்டாள், கதவு சாத்தியிருந்தது. மாரீஸ்வரி கதவைப் பார்த்தாள். வெறும் பிளைவுட் கதவு, இந்தப் பக்கம் காலண்டர் மாட்டிய ஆணி, ஆணியில் காலண்டர் இல்லை. குப்பியை மேஜையில் வைத்ததும் டாக்டர் கேட்பார், சமீபத்தில் மருந்து மாத்திரை சத்து ஏதாவது எடுத்தாயா என்று, அது எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. நதியா என்ன சொல்வாள். எடுத்தேன் சார், மாரீஸ்வரி அக்கா குடுத்தாங்க சார், என்பாள், அவளுக்குப் பொய் வராது. அப்படிச் சொன்னால் கதை இன்றோடு முடிந்தது. தங்கம் போகும், விளையாட்டுக் கோட்டாவில் வரவேண்டிய வேலை போகும், மேடம் மணல் குழிப் பக்கமே நடக்க விடமாட்டார். சொல்லாமல் இருக்க வேண்டும். சொல்லாமல் இருந்துவிடு நதியா. மனசு இப்படி ஓடுவதை அவளே பார்த்துக்கொண்டிருந்தாள், பார்த்து அருவருத்தாள், ஆனாலும் அது ஓடியது. சரி, சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம், குப்பி சும்மா இருக்குமா. குப்பி லேபுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே ஏதோ மெஷினில் வைத்து, அது வாயைத் திறந்து நதியாவின் பெயரைச் சொன்னால், எடுத்தாய் சரி, கேட்டபோது ஏன் மறைத்தாய் என்பார்கள். இப்போதே சொன்னால், தெரியாமல் எடுத்தாள், ஒருத்தி கொடுத்ததை நம்பி எடுத்தாள் என்று கொஞ்சம் இரக்கப்படலாம். சொன்னால் இவள் சாக வேண்டும், சொல்லாவிட்டால் அவள் சாக வேண்டும். போய்க் கதவைத் தட்டலாம். எழுந்தால் ஹேமலதாவும் எழுவாள். தட்டி என்ன சொல்வது, நதியா சொல்லு என்பதா, சொல்லாதே என்பதா. எது வாயில் வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. பயம் என்றால் நெஞ்சு படபடக்கும் என்று நினைத்திருந்தாள், இது அப்படி இல்லை, இது காதுக்குப் பின்னால் குளிர்ந்துபோய் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு நினைப்பும் போகும்போது அதன் காலை வாரிவிட்டது. கூரைக்கு மேலே கூட்டம் யார் பெயரையோ சொல்லிக் கத்தியது, ஒரு கணம் தன் பெயர் என்று நினைத்து அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, வேறு யாருடையதோ. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, வார்த்தை புரியவில்லை, டாக்டரின் அடித்தொண்டைக் குரல், பிறகு நதியா, பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள். சொல்லிவிட்டுச் சிரிக்க முடியுமா.

கதவைத் திறந்துகொண்டு நதியா வந்தாள். அவளுடைய பச்சைச் சட்டை உள்ளேயே நின்று எதிலோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "ஆச்சுக்கா" என்று நதியா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து பையை எடுத்து மடியில் வைத்தாள். மாரீஸ்வரி செருப்பைப் பார்த்தபடியே கேட்டாள், "என்ன கேட்டாரு." "மருந்து எதுனா எடுத்தியான்னு கேட்டாருக்கா. சளி மாத்திரையச் சொன்னேன். அதுல தப்பில்ல, இதுக்கா இவ்ளோ பயந்தன்னு சிரிச்சாரு." "வேற." "வேற எதுவும் இல்லன்னுட்டேன்." மறைத்துவிட்டாள். தனக்காக மறைத்துவிட்டாள். இவ்வளவு நேரம் எதை வேண்டிக்கொண்டாளோ அது நடந்துவிட்டது, நடந்ததும் அதைத் தாங்க முடியவில்லை. யோசித்து முடிவெடுத்தாள் என்று சொல்வதற்கில்லை, முடிவெடுக்கிற நிலைமையில் அவள் இல்லை, வாய்தான் முந்திக்கொண்டது. "திரும்ப உள்ள போ. ஸ்பிரே அடிச்சேன்னு சொல்லு. நாந்தான் குடுத்தேன், சத்துன்னு சொல்லிக் குடுத்தேன், ஒனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு. போ, நானும் வர்றேன்." மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, வழக்கமான குரலில் சொன்னாள். கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த ஹேமலதா நிமிர்ந்தாள். நதியாவின் முகம் என்னவோ மாதிரி ஆனது. "அக்கா, கோவிச்சுக்க மாட்டீங்கல்ல" என்றாள். "சொல்லு." "நான் அத அடிக்கவே இல்லக்கா. அந்த மாம்பழ வாட எனக்குக் கொமட்டும். வேணாம்னு சொன்னா நீங்க மனசு சங்கடப்படுவீங்க, அவ்ளோ ஆசையா குடுத்தீங்க. அதான் நீங்க கேக்கறப்பல்லாம் அடிச்சேன்னு சொல்லிட்டு, கொஞ்சங் கொஞ்சமா வாஷ்பேசின்ல ஊத்திட்டேன். டாக்டர் அப்பிடிச் சொன்னப்போ, நீங்க அடிக்கறீங்களேன்னு உங்களத்தான் பாத்தேன்." "அப்ப காலு." "அதுவாச் சரியாயிருச்சுக்கா. மேடம் ரெஸ்ட் குடுத்தாங்கல்ல."

அதுவாச் சரியாயிருச்சு. மாரீஸ்வரி அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலில் வந்தது சந்தோஷம்தான், அதில் பொய்யில்லை, நெஞ்சின் மேல் இருந்து ஒரு பாறையைப் புரட்டியது போல, பிள்ளை தப்பித்தாள், மாரியாத்தா, பிள்ளை தப்பித்தாள். அது அடங்குவதற்குள் இன்னொன்று வந்தது. சும்மா கிடந்த கால் சும்மாவே சரியாகியிருக்கிறது. அப்படியென்றால் தன் காலும் ஆறியிருக்கும், பாட்டிலைத் தொடாமலே ஆறியிருக்கும், இதே தங்கத்தை இதே மத்தியானம் வாங்கியிருப்பாள், அந்த மூன்று எட்டும் அவளுடையதாகவே இருந்திருக்கும். இப்போது அது இருந்திருக்கும் என்று சொல்ல மட்டும்தான் முடியும், சாகும் வரைக்கும். அதற்கும் கீழே, வெட்கத்தோடு, இன்னொன்று கிடந்தது: இத்தனை நேரம் இரண்டு பேர் மாட்டிக்கொண்டோம் என்று பயந்தபோது அந்தப் பயத்தில் ஒரு துணை இருந்தது. இப்போது அறை அதேதான், நாற்காலிகள் அதேதான், துணை இல்லை. பெரிய அறையில் விட்டுவிட்டு எல்லாரும் போய்விட்டது போல இருந்தது. ஹேமலதா கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். சும்மா சொன்னேன் மேடம், அவளைப் பயமுறுத்த விளையாட்டுக்குச் சொன்னேன் என்று இன்னும்கூடச் சொல்லலாம், வாய் வரைக்கும் வந்தது. அப்போதுதான் அடிவயிற்றில் சுருக்கென்றது. "மேடம், வருது" என்றாள். இந்தத் தடவை குழாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை, கோட்டையும் தாண்டிக் குப்பி நிறைந்தது, கையெல்லாம் நனைந்தது. டாக்டர் அவளுக்கு முன்னாலேயே அதை இரண்டு பாட்டிலில் ஊற்றி மூடி, மூடி இறுகினதை அவளையே திருகிப் பார்க்கச் சொன்னார். திறக்கவில்லை. பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, எல்லாரிடமும் கேட்கிற அதே குரலில், மருந்து, மாத்திரை, சத்து ஏதாவது எடுத்தீங்களாம்மா என்று கேட்டார். "ஸ்பிரே சார். பெப்டைடுன்னு சொன்னாங்க. நாக்குக்கு அடியில" என்றாள். பேனா நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை, அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார், அப்பா வயதுள்ள அந்த முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை, வந்திருந்தால் தேவலை என்று இருந்தது. "ஹாஸ்டல்ல எத்தன பேரும்மா இத அடிக்கிறீங்க" என்று கேட்டார். பிளைவுட் கதவுக்கு அந்தப் பக்கம், மாரீஸ்வரியின் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, நதியா நின்றுகொண்டிருப்பாள்.

"நான் மட்டும்தான் சார்" என்றாள் மாரீஸ்வரி.